கதவைச் சாத்த வந்தவர்

என் அக்கா டெல்ஃபியாவின் கணவர் ஹோபர்ட் ஸ்லோன் பள்ளிப் பேருந்து ஓட்டினார். ஸ்டில்ஹவுஸ் ஓடையை ஒட்டி மலை இடுக்குகளில் இருக்கும் வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் அவர்தான் ஏற்றிக்கொண்டு போவார். ஒரு பிள்ளை வந்து நிற்கவில்லையென்றால் இன்ஜினை அணைக்காமல் அப்படியே நிறுத்திக் காத்திருப்பார். ஹார்ன் மட்டும் அடிக்கமாட்டார். தலைமையாசிரியர் கூப்பிட்டுச் சத்தம் போட்டுப் பார்த்தார். "ஹார்ன் கேட்டா புள்ள பதறிட்டு ஓடி வரும். ஓடி வந்தா பனியில வழுக்கி விழும். அதுவா வரட்டும் சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அந்தப் பேருந்து ஒரு நாளாவது நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

இப்படிப்பட்ட பொறுமைசாலிதான் என் அக்காவின் பொறுமையை ஆயுசு முழுக்கச் சோதித்தார்.

எங்கள் சபையில் யாரும் தானாக ஞானஸ்நானம் கேட்டு வாங்கிவிட முடியாது. கர்த்தர் கூப்பிட வேண்டும். கூப்பிட்டது நமக்கு உள்ளே தெரிய வேண்டும். அதுவரைக்கும் கூட்டத்துக்கு வரலாம், பாடலாம், மதியம் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடலாம். ஆனால் இடம் பின்வரிசையில்தான். யாரும் சகோதரர் என்று அழைக்கமாட்டார்கள். வெறும் பேர்தான். சிலருக்கு இளவயதிலேயே அழைப்பு வந்துவிடும், சிலருக்குத் தலை நரைத்த பிறகு வரும். வராமலே போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு.

டெல்ஃபியாவுக்குக் கல்யாணமான புதிதிலேயே வந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் முன்பெஞ்சில், ஹோபர்ட் கடைசி பெஞ்சில். ஒரே காரில் வந்து இறங்குவார்கள், வாசலில் பிரிவார்கள். அவளுடைய ஜெபமெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: தான் கண்ணை மூடுவதற்குள் புருஷன் ஓடையில் இறங்கி ஞானஸ்நானம் எடுப்பதைப் பார்க்க வேண்டும். ஊருக்கே தெரியும் அது. "நான் கர்த்தருக்குக் காத்திருக்கேன்" என்று யாரைப் பார்த்தாலும் சொல்வாள்.

எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. ஒருநாள் அவர் வீட்டுப் பின்பக்கம் பேருந்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது நேராகவே கேட்டுவிட்டேன். "ஹோபர்ட், நீங்க குடிக்கிறதில்ல, பொய் சொல்றதில்ல, பைபிளைக் கரைச்சுக் குடிச்சிருக்கீங்க. இன்னும் என்னத்துக்கு இழுத்தடிக்கிறீங்க?"

"நான் எங்க ரீவா இழுக்கிறேன்? கூப்பிட்டா போகாம இருப்பேனா?"

"உங்க காதுலதான் ஏதோ கோளாறு."

"இருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பேருந்தின் அடுத்த பக்கம் போய்விட்டார். அந்த ஆளோடு சண்டை போடுவது சுவரோடு சண்டை போடுவதுதான்.

அந்த வருஷம் கோடை முடியும்போது டெல்ஃபியாவுக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்தது. முற்றிப்போயிருந்தது. டாக்டர் சுற்றி வளைக்கவில்லை, பனிக்காலம் தாண்டாது என்றார். அதற்கப்புறம் ஒவ்வொரு கூட்டத்திலும் எல்லோர் கண்ணும் கடைசி பெஞ்சில்தான் இருந்தது.

எங்களுக்கு மாதத்துக்கு ஒருமுறைதான் கூட்டம். நவம்பர் கூட்டத்துக்கு டெல்ஃபியாவைக் கம்பளி போர்த்தி, கைத்தாங்கலாகக் கூட்டிவந்து முன்பெஞ்சில் உட்கார வைத்தோம். வெளியே நல்ல காற்று. பிரசங்கம் முடிந்ததும் சபையை நடத்தும் மூப்பர் கார்லிஸ் ரேமி மேடையை விட்டு இறங்கி நின்று, வழக்கம்போல், "சபையின் கதவு திறந்திருக்கு" என்றார். அழைப்புப் பெற்றவர்கள் எழுந்து முன்னால் வரலாம் என்பதுதான் அதற்கு அர்த்தம். யாராவது வருகிறார்களா என்று பார்க்கிற அந்த நேரத்துக்கென்று ஒரு பாட்டு உண்டு. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, நாங்கள் அதை நீட்டி நீட்டிப் பாடுவோம்.

இரண்டாவது அடி பாடும்போது ஹோபர்ட் எழுந்தார்.

நான் பார்த்தேன். எல்லோரும் பார்த்தார்கள். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நடுவழியில் முன்னால் நடந்து வந்தார். அவருக்கு எப்போதும் நிதானமான நடை, அன்றைக்குச் சற்று வேகம். பாட்டு பாதியில் நின்றது. எனக்குப் பின்னால் ஒரு பெண் "ஸ்தோத்திரம்!" என்று வாய்விட்டுக் கத்தினாள். கார்லிஸின் முகம் குழந்தை முகம்போல் ஆகிவிட்டது. இரண்டு கையையும் நீட்டி ஹோபர்ட்டின் கையைப் பற்றிக்கொண்டு, "வா, சகோதரர் ஹோபர்ட், வா!" என்றார். பெண்கள் அழுதார்கள். நானும்தான். என் அக்கா, தானாக எழுந்து நிற்கத் தெம்பில்லாதவள், எழுந்து போய் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அழுகை சற்று அடங்கியதும் கார்லிஸ், "கர்த்தர் உனக்கு என்ன செஞ்சார்னு சபைக்குச் சொல்லு" என்றார். அதைச் சொல்லாமல் யாரையும் சேர்ப்பதில்லை.

ஹோபர்ட்டின் கழுத்தில் டெல்ஃபியாவின் கை அப்படியே இருந்தது. அவர் முகம் செத்த முகமாய் வெளுத்துப் போயிருந்தது.

"கார்லிஸ், நான் கதவைச் சாத்த வந்தேன்" என்றார்.

மேடையை ஒட்டி, மூப்பர்கள் வந்து போக ஒரு சின்னக் கதவு உண்டு. அதன் தாழ்ப்பாள் எப்போதும் சரியாக விழாது. காற்றில் அது திறந்துகொண்டு நேரே டெல்ஃபியாமேல் வாடை அடித்திருக்கிறது. பாட்டு மும்முரத்தில் எங்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. அவள் போர்வையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டதைக் கடைசி பெஞ்சிலிருந்து அவர் ஒருவர்தான் பார்த்திருக்கிறார்.

யாரும் சிரிக்கவில்லை. டெல்ஃபியா கையை எடுத்துவிட்டு உட்கார்ந்தாள். ஹோபர்ட் போய்க் கதவைச் சாத்தி, ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்து வைத்துவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் திரும்பித் தன் பெஞ்சுக்கு நடந்தார்.

மதியச் சாப்பாட்டில்தான் வாய்கள் திறந்தன. என் வீட்டுக்காரர் பீன்ஸைத் தட்டில் போட்டுக்கொண்டே, "ஹோபர்ட், எங்க வீட்டுக் கொல்லைக் கதவும் சரியா சாத்தமாட்டேங்குது, ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்" என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கார்லிஸ் மட்டும் ஹோபர்ட்டின் பக்கத்தில் போய், "அவசரப்பட்டு உன்னைச் சகோதரர்னு கூப்பிட்டுட்டேன். அந்த வார்த்தையை நான் திருப்பி எடுத்துக்கிட்டுதான் ஆகணும்" என்றார்.

"எடுத்துக்கோ கார்லிஸ். என்னோடது இல்லையே அது" என்றார் ஹோபர்ட்.

காருக்குப் பக்கத்தில் அவரை மடக்கினேன். "சாகப்போறவ கழுத்தக் கட்டிக்கிட்டு நிக்கிறா. வாயத் தொறந்து ஒரே ஒரு 'ஆமாம்' சொன்னா நாக்கு வெந்தா போயிடும்?"

"டெல்ஃபியாவை ஏமாத்தலாம் ரீவா. உன்னையும் ஏமாத்தலாம். கர்த்தர் என்னைக் கூப்பிடலைன்னு அவருக்குத் தெரியுமே." காரின் கதவைப் பிடித்துக்கொண்டார். "அவ கையை எடுத்தப்போ எனக்கு எப்படி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியாது."

டெல்ஃபியா அவரோடு பேச்சை நிறுத்திவிட்டாள். கஞ்சி கொடுத்தால் குடிப்பாள், மாத்திரை கொடுத்தால் வாங்கிக்கொள்வாள், முகத்தைப் பார்க்கமாட்டாள். அவர் அவளைத் தூக்கி உட்கார வைப்பார், தலை சீவிவிடுவார், கால் பிடித்துவிடுவார். ஒரு வார்த்தை சமாதானம் சொல்லவில்லை. இப்படியே கிறிஸ்துமஸ் வந்து போனது.

ஜனவரியில் ஒருநாள் காலை அவளுக்கு உடம்பு துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று, "ரீவா, நான் இத்தனை வருஷமா பொய் சொல்லிட்டிருந்திருக்கேன்" என்றாள்.

"என்னக்கா பொய்?"

"கர்த்தருக்குக் காத்திருக்கேன்னு சொன்னேனே. நான் எங்க காத்திருந்தேன்? அவர் என் சொல்படி நடக்கட்டும்னுல்ல உக்காந்திருந்தேன். நாளும் நானே குறிச்சுக் கொடுத்திருந்தேன், நான் சாகறதுக்கு முன்னாடின்னு." மூச்சு வாங்க நிறுத்தினாள். "உண்மையில காத்துக்கிட்டிருந்தது பின்பெஞ்சுல இருந்த மனுஷன்தான். அந்த மனுஷனைப் போய்க் கூப்பிடு."

ஹோபர்ட் வந்து கட்டிலோரம் உட்கார்ந்தார். நான் வெளியே போயிருக்க வேண்டும், போகவில்லை. டெல்ஃபியா அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்காக வராத ஹோபர்ட். நான் போனப்புறம் துக்கத்துலயும் வராத. அவர் கூப்பிட்டா வா."

"கூப்பிடாமலே போயிட்டா?"

"அது அவர் பாடு. நானும் பரலோக வாசல்ல நின்னுக்கிட்டு நீ எப்ப வருவேன்னு எட்டி எட்டிப் பார்க்கப் போறதில்ல. எனக்கு அங்க வேற வேலை இருக்கும்."

அவர் சிரித்துவிட்டார். அவளும் சிரித்து, அது இருமலாகி, வெகுநேரம் அடங்கவில்லை. பிப்ரவரிக் கூட்டத்துக்கு முந்தைய வாரம் போய்விட்டாள். அவள் ஆசைப்பட்டது நடக்கவே இல்லை. எனக்கு அந்தக் கோபம் கர்த்தர் மேலேயே இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

ஹோபர்ட் இனிமேல் கூட்டத்துக்கு வரமாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஒரு மாதம்கூடத் தவறாமல் வந்தார், அதே கடைசி பெஞ்சுக்கு. "அக்காவே போயாச்சு, இன்னும் எதுக்கு இந்தப் பாடு?" என்று கேட்டேன். "காத்திருக்கிறவன் கூப்பிடு தூரத்துல இருக்க வேண்டாமா?" என்றார். வருஷங்கள் ஓடின. கார்லிஸ் கதவு திறந்திருக்கிறது என்று சொல்லும்போது இப்போது யாரும் பின்னால் திரும்பிப் பார்ப்பதில்லை. அவரும் பெஞ்சோடு பெஞ்சாக ஆகிவிட்டார்.

பள்ளி திறந்திருந்த ஒரு ஆகஸ்ட் மாதக் கூட்டம். நெருப்பாய் வெயில். ஜன்னல், கதவு எல்லாம் திறந்து கிடந்தது. அட்டை விசிறியால் விசிறிக்கொண்டே பாடிக்கொண்டிருந்தோம். ஹோபர்ட் எழுந்தார். தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். நடுவழியில் முன்னால் வந்தார். பாட்டு நிற்கவில்லை, ஒருவரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. கார்லிஸுக்கு வயதாகிவிட்டது, ஆனால் சூடுபட்டது மறக்குமா? கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஹோபர்ட் அந்தச் சின்னக் கதவைத் தாண்டி வந்து அவர் முன்னால் நின்றார்.

"கதவா, ஹோபர்ட்?" கார்லிஸ் தணிந்த குரலில்தான் கேட்டார், முன்பெஞ்சில் இருந்த எனக்குக் கேட்டது.

"இல்ல கார்லிஸ். அது திறந்தே இருக்கட்டும்."

பாட்டு அப்போதுதான் நின்றது.

கேட்காமலே அவராகச் சொல்ல ஆரம்பித்தார். "சொல்றதுக்குப் பெரிசா ஒண்ணும் இல்ல. செவ்வாய்க்கிழமை காலையில ஒரு சின்னப் பொண்ணுக்காக வண்டிய நிறுத்திட்டு உக்காந்திருந்தேன். ஷூவைக் காணோம்னு வீட்டுக்குள்ள தேடிட்டு இருக்கு. நான் பாட்டுக்கு உக்காந்திருக்கேன், எனக்கு எரிச்சலே இல்ல. அப்போ தெரிஞ்சுது, என் வீட்டு வாசல்லயும் ஒருத்தர் இப்படித்தான் நிறுத்திட்டு உக்காந்திருக்கார்னு. ஹார்ன் அடிக்காம. நான்தான் அவருக்குக் காத்திருக்கேன்னு நெனச்சுட்டு இருந்தேன்." தொப்பியைக் கையில் சுற்றினார். "அந்தப் பொண்ணு வந்து ஏறி, ஏன் அழறீங்கன்னு கேட்டுச்சு. அவ்வளவுதான்."

கார்லிஸ் பின்னால் கட்டியிருந்த கையை எடுத்து நீட்டினார். "சகோதரர் ஹோபர்ட்" என்றார்.

சபையார் எல்லோரும் வரிசையில் வந்து அவருக்குக் கை கொடுக்க வேண்டும். என் முறை வந்தது. அந்தப் பழைய கோபத்தையெல்லாம் கொட்டிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். "அக்கா பார்க்கலையே" என்பது மட்டும்தான் வந்தது.

"அவளுக்கு வேற வேலை இருக்கும்னு சொன்னாளே" என்றார் ஹோபர்ட். சொல்லிவிட்டு என் தோளில் முகத்தை வைத்து, அவளைப் புதைத்த அன்றுகூட அழாத மனுஷர், விசும்பி விசும்பி அழுதார்.