எண்ணெய் தடவாத போல்ட்

தர ஆய்வாளர் வேலை என்பது ‘கூடாது, கூடாது’ என்று சொல்லியே கெட்ட பெயர் எடுக்கிற வேலை. அதில் இருந்தவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும். ஒரகடம் பக்கம் கார் கம்பெனிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம். சுற்றிலும் எல்லாரும் கார் உதிரிபாகம் செய்ய, எங்கள் பட்டறை மட்டும் நிலக்கரிச் சுரங்கத்துக்கு ரூஃப் போல்ட் செய்யவும் ஒப்புக்கொண்டது.

எந்தக் கூரை?

சுரங்கத்தில் தலைக்கு மேலே இருக்கும் பாறை பலவீனமாக இருந்தால், அதில் துளை போட்டு, பசை அடைத்த உறையைச் செருகி, ஆளுயரக் கம்பியைச் சுழற்றி ஏற்றுவார்கள். பசை இறுகிக் கம்பியும் பாறையும் ஒன்றாகிவிடும். அந்தக் கம்பிதான் ரூஃப் போல்ட். சுங்குவார்சத்திரத்தில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரருக்கு இதைப் பலமுறை விளக்கியிருக்கிறேன். பொறுமையாகத் தலையாட்டுவார். ஆடிக்காற்று வீசிய அன்று வாசலில் வந்து நின்றார்.

“ரூப்பு போல்ட்டு தான செய்ற? மாடில தகர சீட்டு ஆடிக்கினே கீது, ஒரு நாலு எத்தாந்து குடேன்.”

பளபளப்பு வியாதி

அவரை மன்னிக்கலாம். எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜரை மன்னிக்க முடியாது. கார் கம்பெனிகளுக்கு வேலை செய்தே பழகியவர். எந்த இரும்பானாலும் துரு பிடிக்காமலிருக்க எண்ணெய்த் தொட்டியில் முக்கித்தான் அனுப்புவார். சுரங்கத்துக்குப் போக வேண்டிய முதல் லோடையும் முக்கி எடுத்துவிட்டார். எண்ணெய் இருந்தால் பசை பிடிக்காது, பாறை ஆள்மேல் இறங்கிவிடும், லேசான துருவால் ஒன்றும் குடிமுழுகாது என்று தொண்டை வற்றக் கத்தினேன். அவர் லாரிக்குப் போன் செய்துகொண்டிருந்தார்.

“துருவோட அனுப்புனா கஸ்டமர் காறித் துப்புவான்யா. மால் பாக்க லட்சணமா இருக்க வேணாமா?”

கட்டையின் குற்றம்

விடுவேனா? கான்கிரீட் கட்டையில் துளை போட்டு, அந்த எண்ணெய்க் கம்பி ஒன்றைப் பசையோடு இறக்கி, இறுகியபின் ஜாக்கி வைத்து இழுத்தேன். சேற்றில் நட்ட குச்சி மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. இதன் கீழே ஒருவன் நின்றிருந்தால்? மேனேஜரை இழுத்துவந்து காட்டினேன். குனிந்து, நிமிர்ந்து, நன்றாகவே பார்த்தார்.

“கட்டைய எவன்யா போட்டது? கட்டை சரியில்ல.”

விரல்

லாரியில் பாதி ஏற்றியாகிவிட்டது. அப்போதுதான் சரக்கைப் பார்வையிட சுரங்கத்திலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார். அங்கே போல்ட் ஏற்றும் ஆட்களுக்குத் தலைவர். ஆந்திராக்காரர், கொஞ்சம் தமிழ் பேசுவார். மேனேஜர் பெருமையோடு ஒரு போல்ட்டை நீட்டினார். வந்தவர் அதை விரலால் ஒரு தடவு தடவினார். பிறகு அந்த விரலை மேனேஜரின் சலவைச் சட்டையில் நிதானமாகத் துடைத்தார்.

“துரு இருந்தா நான் தொடச்சிக்கறேன் சார். இது வழுக்கி மேல கல்லு வந்தா, நான் எங்க ஓடறது?”

லோடு இறங்கியது. எண்ணெய்த் தொட்டிமேல் ‘ரூஃப் போல்ட்டை முக்கக் கூடாது’ என்று பலகை ஏறியது, கீழே மேனேஜரின் கையெழுத்தோடு.

மனுஷன் தலையில் பாறை விழும் என்றபோது ஏறாத புத்தி, சட்டையில் கறை பட்டதும் ஏறிவிட்டது.