பர்வதத்தின் கையெழுத்து

தெரிந்தே பொய்யாக ஒரு கையெழுத்தை பர்வதம் போட்டது வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான். 1971-ஆம் வருஷம், புரட்டாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அதற்குப் பிறகு அவளால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

அவள் கணவர் அனந்தராமன் விருத்தாசலத்தில் ஸ்கூல் வாத்தியார். மஞ்சள் காமாலை வந்து பதினைந்தே நாளில் போய்விட்டார். மகள் ஜயாவுக்கு அப்போது நாலு வயசு. கோயில் கைங்கரியத்தில் இருந்த மைத்துனர் சபேசன், "எங்களோடயே வந்து இருந்துடுங்கோ மன்னி" என்றார். பிறர் வீட்டு அடுக்களையில் காலம் தள்ள பர்வதத்துக்கு மனமில்லை. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்திருந்தாள். ஊருக்கு வெளியே ஒன்றன்பின் ஒன்றாகப் புகைபோக்கிகள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. கரண்ட் கம்பத்தில் கம்பியைத் தாங்கும் பீங்கான் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் சோதனை அறைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, நேரே போய் முதலாளி ராஜாங்கத்தின் முன்னால் நின்றாள்.

"மண்ணும் தூசியுமா இருக்கும்மா. ஒங்களுக்கு ஒத்து வருமா?" என்று கேட்டார் அவர்.

"வரும் சார்," என்றாள்.

சன்னதித் தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வேலை கஷ்டமானது இல்லை, கவனம் வேண்டும். ஒவ்வொரு சூளையிலிருந்தும் வரும் சரக்கில் சிலதை எடுத்து உடைப்பாள். உடைத்த துண்டுகளைச் சிவப்புச் சாயத்தில் ஒரு நாள் முழுக்க ஊறப்போட்டு, வெளியே எடுத்து, மறுபடி உடைத்துப் பார்ப்பாள். நன்றாக வெந்த பீங்கானில் சாயம் மேலோடு நின்றுவிடும். உள்ளே வெள்ளை வெளேரென்று இருக்கும். வேகாததில் சாயம் உள்ளே இறங்கியிருக்கும். அப்படிப்பட்டதைக் கம்பத்தில் ஏற்றினால் மழைத் தண்ணீரைக் குடித்துவிடும். கரண்ட் இரும்புக் கம்பத்தில் இறங்கும். தொட்டவர் கதி அவ்வளவுதான். அதனால் அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டி கூட வெளியே போகாது.

இன்னொரு பழக்கமும் அவளுக்கு அங்கே ஏற்பட்டது. வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும், சரக்குக் கட்டும் கொட்டகையில் வைக்கோல் மேல் உட்கார்ந்து, அனந்தராமன் வைத்துவிட்டுப் போன வேதாந்த புஸ்தகத்தைத் தமிழ் உரையோடு படிப்பாள். முதலில் தனக்காகத்தான் படித்தாள். பிறகு அருக்காணி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். குயவர் வீட்டுப் பெண். பீங்கானை மெருகுக் கரைசலில் முக்கி எடுக்கிற வேலை அவளுக்கு. பர்வதத்தின் வயசுதான் இருக்கும். "வாய்விட்டுப் படிங்க ஐயரம்மா, நாங்களும் கேக்கறோம்," என்றாள். நாளடைவில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்தார்கள். வேதத்தைக் கொண்டுபோய் வைக்கோல் கொட்டகையில் படிக்கிறாளாமே என்று சபேசன் குறைப்பட்டுக்கொண்டார். பர்வதம் நிறுத்தவில்லை.

அந்தப் புரட்டாசியில் நிலக்கரி வேகன் ஜங்ஷனுக்கு வரத் தாமதமாயிற்று. இருந்த கரியை வைத்துச் சூளையை எரித்தார்கள், சூடு போதவில்லை. சோதனைக்கு எடுத்த துண்டு ஒவ்வொன்றிலும் சாயம் விரற்கடை ஆழம் இறங்கியிருந்தது. பர்வதம் அவற்றை ஒரு தட்டில் வைத்து ராஜாங்கத்திடம் எடுத்துப்போனாள்.

அவர் ஒரு துண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"திட்டக்குடி தாண்டி மங்களூர் பக்கம் கம்பம் நட்டுட்டுக் காத்துக்கிட்டு இருக்காங்கம்மா. இந்தச் சரக்கு போகலைன்னா ஆர்டரு வேற எடத்துக்குப் போயிடும். அம்பது பேரு இங்க வேலை செய்யறாங்க. நாளைலேந்து வராதீங்கன்னு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"சார், மழை வரப்போறதே..."

"எல்லாமே கெட்டுப்போயிடாதும்மா. இந்த ஒரு தடவைதான்."

ராஜாங்கம் கெட்டவர் இல்லை. ஜயாவுக்கு அம்மை போட்டபோது சம்பளத்தோடு லீவு கொடுத்தவர். பர்வதம் அந்த ஐம்பது பேரையும் நினைத்தாள், தன் மகளையும் நினைத்தாள். கையெழுத்துப் போட்டாள். மத்தியானமே லாரி கிளம்பிவிட்டது.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கழுவிய பாத்திரத்தையே எடுத்து மறுபடி கழுவினாள். ஜயா தலை பின்னக் கேட்டு வந்து நின்றால், பாதி பின்னிவிட்டு எழுந்து வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தாள். எங்காவது மேகம் கறுத்தால் அது மேற்கே போகிறதா என்று நின்று கவனித்தாள். பழமலைநாதர் கோயிலுக்குப் போனாள். பிரகாரத்தைச் சுற்றினாளே தவிர சன்னதிக்கு முன்னால் போய் நிற்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. போன வாரம் விட்ட இடத்திலிருந்து படித்தாள். மனிதன் எதிரே இரண்டு வந்து நிற்கின்றன, ஒன்று அவனுக்கு நன்மை தருவது, மற்றது அவனுக்குப் பிரியமானது. விவேகம் உள்ளவன் பிரித்துப் பார்த்து நன்மையைப் பிடித்துக்கொள்கிறான் என்கிற இடம் அது. படித்துவிட்டு, அர்த்தம் சொல்லாமல் அந்த வரியையே இன்னொரு தடவை படித்தாள்.

அருக்காணி கேட்டாள்: "ஏங்க, அந்த ரெண்டும் பாக்கறதுக்கு ஒரே மாதிரி இருந்திச்சின்னா? நம்மளுக்குப் புடிச்சதே நல்லதாட்டம் தெரியுதே. எப்படிங்க கண்டுபுடிக்கறது?"

ஐம்பது பேருக்காக என்றுதானே கையெழுத்துப் போட்டோம் என்று பர்வதம் நினைத்தாள். அது நல்லது போலத்தான் இருந்தது. ஆனால் கம்பத்துக்கு அடியில் நடந்து போகப்போகிறவன் அந்தக் கணத்தில் அவள் நினைவில் வரவே இல்லை. அவன் முகம் தெரியாதவன், அதனால் அவனை விட்டுவிட்டாள்.

"நேக்குத் தெரியலை அருக்காணி," என்று சொல்லிப் புஸ்தகத்தை மூடினாள்.

நேரே ராஜாங்கத்திடம் போனாள். சரக்கைத் திருப்பி வரவழைக்கச் சொன்னாள்.

"நீங்கதானம்மா கையெழுத்துப் போட்டீங்க?"

"ஆமாம் சார். நான்தான் தப்புப் பண்ணினேன். அதைத்தான் சரி பண்ணச் சொல்றேன்."

"போயி வேலையப் பாருங்க," என்றார். குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஜயாவை சபேசன் வீட்டில் விட்டுவிட்டு பர்வதம் திட்டக்குடிக்குப் பஸ் ஏறினாள். அங்கே பஸ் மாறி மங்களூர் போகும் வழியில், வயல்களுக்கு நடுவே புதுக் கம்பங்கள் தெரிந்தன. சிலவற்றின் மேல் பீங்கான் ஏறிவிட்டிருந்தது. வெயிலில் பளபளவென்று மின்னியது. அவள் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே எண்ணத் தொடங்கி, பன்னிரண்டில் நிறுத்தினாள்.

லைன் இழுக்கும் ஆட்களின் போர்மேன் பெயர் தங்கதுரை. ஒரு வேப்பமரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர், தனியாக வந்து நிற்கும் அந்த அம்மாவைப் பார்த்து எழுந்தார். அவள் முழுவதையும் சொன்னாள்.

"தெரிஞ்சே போட்டீங்களா?"

"தெரிஞ்சேதான்."

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "என் ஆளுங்கதான் இதுல ஏறப்போறவங்க, தெரியுமில்ல? சரி, எழுதிக் குடுங்க. வாய்ப்பேச்ச வெச்சி நான் ஒண்ணும் பண்ண முடியாது."

தெரிந்தே கையெழுத்திட்டதாக அவள் தெளிவாக எழுதிக்கொடுத்தாள். தங்கதுரை சிலதை எடுத்துப்போய்ச் சோதனைக்கு அனுப்பினார். அவை தேறவில்லை. பத்து நாளுக்குள், கம்பங்களில் ஏற்றியிருந்தவற்றை இறக்கினார்கள். சரக்கு திரும்பி வந்தது. ஆர்டர் போயிற்று, ராஜாங்கத்தின் கம்பெனி மூடப்பட்டது. பர்வதத்தை அவர் திட்டக்கூட இல்லை. கேட்டைப் பூட்டிவிட்டு, அவள் நின்றிருந்த பக்கம் திரும்பாமலே போனார்.

மறுநாள் அருக்காணி வீடு தேடி வந்தாள். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. வாசலில் நின்றபடியே பேசினாள்.

"நீங்க போட்ட கையெழுத்துக்கும் எங்கள ஒரு வார்த்த கேக்கல. போயி சொன்னதுக்கும் கேக்கல. ஒங்க மனசு சுத்தமாயிடுச்சி. எங்க வூட்டுல அடுப்பு எரியல."

"என் மனசு சுத்தமாகலை அருக்காணி."

"அது ஒங்க பாடு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மழைக்காலம் முழுவதும் பர்வதம் ஊரிலிருந்த மற்ற கம்பெனிகளின் வாசலில் ஏறி இறங்கினாள். தனக்காகக் கேட்கவில்லை, இன்னார் மெருகு போடுவதில் கெட்டிக்காரி, இன்னாருக்குச் சூளை அடுக்கத் தெரியும் என்று பெயர் பெயராகச் சொல்லிக் கேட்டாள். சிலர் விரட்டினார்கள். சிலர் எடுத்துக்கொண்டார்கள். தன் பிழைப்புக்கு அவள் வீட்டிலேயே பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக்கொடுத்தாள்.

தையில் தங்கதுரையிடமிருந்து ஒரு கார்டு வந்தது. இறக்கும்போது ஒரு கம்பத்தைத் தவற விட்டுவிட்டார்களாம். லைனில் கரண்ட் விட்ட பிறகு, மார்கழி மழையில் அதில் உரசிய மாடு ஒன்று செத்துப்போயிற்று. கயிற்றைப் பிடித்திருந்த முத்தாயி என்ற பெண், மாடு துள்ளிய வேகத்தில் கயிறு கை நழுவியதால் பிழைத்தாள்.

கார்டைப் படித்த அன்றே பர்வதம் கிளம்பினாள். முத்தாயி களத்தில் கம்புக் கதிர் அடித்துக்கொண்டிருந்தாள். கையில் கயிறு அறுத்த புண் இன்னும் ஆறவில்லை. பர்வதம் தான் யார் என்று சொன்னாள்.

முத்தாயி கோலைக் கீழே வைத்தாள். "நான் என் தலையெழுத்துன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். நீங்க எதுக்குங்க வந்து சொன்னீங்க? இப்ப ஒங்க மேல கோவம் வருதே."

"வரட்டும்மா. அது என்மேல வர வேண்டிய கோவம்தான்."

கையிலிருந்த ஒரு ஜோடி தங்க வளையலைக் கழற்றி நீட்டினாள். முத்தாயி யோசித்தாள், பிறகு வாங்கிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லாததே பர்வதத்துக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.

1973 கடைசியில் இன்னொரு கம்பெனியிலிருந்து ஆள் வந்து அவளைச் சோதனை வேலைக்குக் கூப்பிட்டான். யார் சொன்னது என்று விசாரித்தாள். அங்கே மெருகுப் பிரிவில் இருந்த அருக்காணிதான். அந்த அம்மா தன் தப்பைத் தானே போய்ச் சொன்னவங்க, அவங்கள வெச்சா பயமில்லை என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறாள்.

ஆனாலும் முதல் மாதம் முழுவதும் அருக்காணி அவளோடு பேசவில்லை. ஒருநாள் சாயங்காலம் வேலை விட்டதும் பின்னாலேயே வந்து சேர்ந்துகொண்டாள்.

"எம் பெரிய பொண்ணு ஸ்கூலுக்குப் போக மாட்டேங்கறா. கணக்கு வரலையாம். ஒங்ககிட்ட அனுப்பட்டுமா?"

"அனுப்பு. ஜயாவோட உக்காந்து படிக்கட்டும்."

"நான் அன்னிக்குச் சொன்னது சொன்னதுதான். அதுல மாத்தம் இல்ல."

"நீ சொன்னது சரிதான்," என்றாள் பர்வதம்.

இரண்டு பேரும் ரயில்வே கேட் வரை சேர்ந்து நடந்தார்கள். கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி போய் முடியும் வரை, பெண்ணுக்கு எந்தக் கிழமையில் நேரம் தோதுப்படும் என்று பேசிக்கொண்டு நின்றார்கள்.