சித்தியின் முகம் வராத நாடகம்

எங்கள் சித்தி டிவி நாடகத்தில் நடித்தாள். அதில் அவள் முகம் ஒரு விநாடிகூட வரவில்லை. நாற்பது வருஷம் ஆகப்போகிறது, எனக்கு இன்னும் ஆறவில்லை.

எண்பதுகளின் நடுவில், எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, பரவைக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ஊருக்குப் படம்பிடிக்க வந்தார்கள். தண்ணீர் கேட்டு அதிகாரியிடம் மனுக் கொடுக்கப் போகும் பெண்களைப் பற்றிய நாடகம். எங்கள் தெருவில் எட்டுப் பெண்களைக் கூப்பிட்டார்கள். பேசுவதற்கு ஒரு வரி கிடைத்தது சித்திக்கு மட்டும்தான்.

கல்யாணச் சேலை, முகம் நிறையப் பவுடர், தலைகொள்ளாத மல்லிகை என்று போய் நின்றாள். கேமராக்காரர் எல்லாவற்றையும் கலைத்துவிட்டு வரச் சொன்னார். களையெடுக்கப் போகும் சேலையோடு திரும்பி வந்தாள். அந்த மனிதரோ தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, அதிகாரியாக நடித்தவரை அண்ணாந்து படம்பிடித்தார். சித்தி அவருடைய நாற்காலிக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்து, “அய்யா, எங்க தெருப் பக்கமும் ஒரு குழாய் போடுங்கய்யா” என்றாள். ஒரே தடவையில் சரியாகச் சொன்னாளென்று கைதட்டினார்கள்.

ஊரில் டிவி இருந்தது பெரியவீட்டில் மட்டும். சித்தி களையெடுப்பதும் அவர்கள் வயலில்தான். நாடகம் ஒளிபரப்பான ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் தெருவே அந்த வாசலில் கூடியது. வீட்டுக்காரரும் பிள்ளைகளும் உள்ளே நாற்காலிகளில். நாங்கள் படிக்குக் கீழே. நாற்காலிகளின் இடுக்கில் தெரிந்த மட்டும் பார்த்தோம்.

சித்தியின் காட்சி வந்தது. திரை முழுக்க நாற்காலிக் கால்கள், பளபளக்கும் ஷூ, மேலே மலை மாதிரி அதிகாரி. ஓரத்தில் கும்பிட்ட இரண்டு கைகள். சித்தியின் குரல் கேட்டது. அவ்வளவுதான்.

“எங்க சித்தி மூஞ்சியவே காட்டலயே!” என்று கத்தினேன்.

வீட்டுக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “கும்பிட்ட கை தெரிஞ்சுச்சுல்ல, உங்களுக்கு அது போதும்” என்றார். உள்ளே எல்லோரும் சிரித்தார்கள்.

சித்தி விருட்டென்று எழுந்து என் கையைப் பிடித்தாள். “எந்திரிடி, போவோம்.”

“இன்னும் முடியல சித்தி.”

“இங்கன உக்காந்து பாத்த வரைக்கும் போதும்.”

வழிநெடுக அழுதுகொண்டே கேமராக்காரரைத் திட்டினேன். அவர் கண் அவிந்து போகட்டும் என்றுகூடச் சொன்னேன். சித்தி நின்றாள். “அந்தாள ஏன்டி வையுற? உள்ளதத்தான பிடிச்சிருக்காரு.”

மறுநாள் அவள் அந்த வயலுக்குப் போகவில்லை. கூப்பிட ஆள் வந்தது. “இனிமே வரமாட்டேன்னு சொல்லு” என்று அனுப்பிவிட்டாள். அந்த வாரமே மதுரைக்குப் பஸ் ஏறி வெங்காய மண்டியில் வேலைக்குச் சேர்ந்தாள். வீம்புக்காரி என்று வீட்டில் ஏசினார்கள். இனி டிவி பார்க்கப் போக முடியாதே என்று நானும் அவளோடு ஒரு வாரம் பேசவில்லை.

சித்தியின் முகத்தைக் காட்டாத கேமராக்காரர்மேல் எனக்கு அத்தனை ஆத்திரம். நாடகத்தில் நடித்தவளைக்கூடப் படியேற விடாத அந்த வீட்டின்மேல் மட்டும், அன்றைக்கு எனக்குத் துளிக் கோபமும் வரவில்லை.