மூன்று முறை தட்ட வேண்டும்

சத்தியமாக இது நடந்தது. கதை கட்டுவதற்கு எனக்குச் சாமர்த்தியம் போதாது. தெரிந்ததெல்லாம் லிஃப்ட் ரிப்பேர்தான். போன செவ்வாய்க்கிழமை, பட்டப்பகல், மணி இரண்டு பத்து. பேய் என்றால் இருட்டில்தான் வரும் என்று நம்புகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் நான் மேஜிக் மேடையில் நடித்தவன். கூட என் பெரியப்பா மகன். இருவருக்கும் ஒரே உயரம், ஒரே சாயல். மேடையில் ஒரு பெட்டி. அதற்கு அடியில் ஒரு ரகசிய அறை இருக்கும். அண்ணன் அதற்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு சுருண்டு படுப்பான். பார்ப்பவர்களுக்கு அவன் மாயமாகிவிட்டான். அதே உடையில் நான் அரங்கத்தின் பின்வாசலிலிருந்து ஓடி வருவேன். கைதட்டல் முழுக்க எனக்குத்தான். திரை விழுந்ததும் பெட்டியை நான் மூன்று முறை தட்ட வேண்டும். அதுவரை அவன் வெளியே வரக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது. உள்ளேயிருந்து ஒரு தட்டு மட்டும் தட்டலாம். ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று அர்த்தம்.

எனக்குப் பத்து வயதில் ஒரு நாள், ஆட்டம் முடிந்ததும் யாரோ போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள். பல்லை இளித்துக்கொண்டு போய்விட்டேன். தட்ட மறந்தேன். பெட்டியை லாரியில் ஏற்றிவிட்டார்கள். நாற்பது நிமிடம் கழித்து, மயங்கிக் கிடந்தவனை வெளியே எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டான். ஆனால் என்னோடு அதன்பின் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. முப்பத்தோரு வருடம் ஓடிவிட்டது. அடைபட்டவர்களை வெளியே எடுக்கும் தொழிலுக்கு ஏன் வந்தாய் என்று நல்லவேளை யாரும் என்னைக் கேட்டதில்லை.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். ஆறு மாடி அலுவலகம். மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது.

“உள்ள யாராவது இருக்காங்களா?”

“யாருமில்ல சார். கேமராவுல நல்லா பாத்துட்டேன்” என்றார் வாட்ச்மேன்.

நான்காம் மாடிக் கதவைத் திறந்து, லிஃப்ட்டின் கூரைமேல் இறங்கினேன். லிஃப்ட் அசையாதிருக்க ஸ்டாப் சுவிட்சைப் போட்டேன். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன்.

டொக்.

என் காலுக்கு அடியில்... ஒரே ஒரு தட்டு.

“கேட்டுச்சா?”

“என்ன சார்?” என்றார் மேலே நின்ற வாட்ச்மேன்.

கூரை மூடியைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே விளக்கு எரிந்தது. ஆள் இல்லை. ஆனால் வாசனை... நாங்கள் அப்போது மேடைக்குப் பூசிய ரோஜாப் பவுடர். தரை விரிப்பில் ஒரு மூலை மட்டும் வியர்வை ஈரம். சுருண்டு படுத்த ஒரு பிள்ளையின் அளவு.

மூடியைச் சாத்தினேன். வயர், ரிலே, பிரேக்... எல்லாம் சரியாக இருந்தன. ஸ்டாப் சுவிட்சை எடுத்துவிட்டுப் பார்த்தும் லிஃப்ட் மட்டும் நகரவில்லை.

இரண்டு முப்பத்தொன்று. டொக்.

இரண்டு நாற்பத்தெட்டு. டொக்.

மூன்று இரண்டு. டொக்... மெதுவாக. களைத்துப்போய்.

ஓடிவிடலாமா என்று நினைத்தேன். ஓடினால், இரண்டாவது முறையும் விட்டுவிட்டுப் போகிறேன்.

மணி மூன்று ஏழு. ஸ்பேனரை எடுத்தேன்.

டொக். டொக். டொக்.

“வெளிய வா அண்ணே... மறந்துட்டேன்... மன்னிச்சிரு.”



கீழே லிஃப்ட் கதவு தானாகத் திறந்தது.

சின்னக் கால்கள் தடதடவென்று ஓடின.

அந்தக் கதவுக்கு வெளியே வெறும் சுவர்.

மாலை ஆறு இருபதுக்குப் போன் வந்தது. தெரியாத நம்பர்.

“தம்பி, நான் உங்க அண்ணி பேசறேன். உங்க நம்பரை அவர் போன்ல பாத்தேன். காலைல பதினோரு மணிக்கு அவர் போயிட்டார்.”

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

“முழங்காலைக் கட்டிக்கிட்டே போயிட்டார். நாலு பேர் சேர்ந்து இழுத்தும் காலை நீட்ட முடியல தம்பி. அப்புறம் அதுவாவே நீண்டுடுச்சு.”

“எப்போ அண்ணி?”

“மூணு ஏழுக்கு. சத்தம் கேட்டுத்தான் கடிகாரத்தைப் பாத்தேன்.”

“என்ன சத்தம்?”



“கட்டிலை யாரோ மூணு தடவை தட்டினாங்க, தம்பி. பக்கத்துல யாருமே இல்ல.”