மான் பார்க்க வந்த மாமனார்

கொட்டாரத்தில் வாழைக்குலைக் கடைகளை ஒட்டிய டீக்கடையில் என் மாமனார் மான் வேட்டைக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். சுற்றிலும் அவர் வயதுக்காரர்கள் நாலைந்து பேர். நான் பெஞ்சின் கடைசியில், ஆறிப்போன டீயைக் கையில் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வேட்டைக்குப் போனது நான். துப்பாக்கி என்னுடையது. லைசென்ஸ் என் பெயரில். கதை மட்டும் அவருடையது.

நான் முட்டத்துக்காரன். மீன்பிடிக் குடும்பம், ஞாயிறு பூசை தவறாதவர்கள். என் மனைவி கொட்டாரத்துச் சைவக் குடும்பத்துப் பெண். விரும்பிக் கட்டிக்கொண்டோம். மாமனார் கல்யாணத்துக்கு வந்தார், சாப்பிட்டார், போனார். அன்றிலிருந்து என்னை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. ஏசினாலாவது ஒரு உறவு இருக்கும். ஏசவும் மாட்டார். நான் எதிரே நின்றாலும் மகளைப் பார்த்து, "உன் வீட்டுக்காரர்ட்ட சொல்லு" என்பார். மகள் பக்கத்தில் இல்லையென்றால் சுவரைப் பார்த்து, "காரை எடுக்கதா இருந்தா எடுக்கலாம்" என்பார். நான் போய்க் காரை எடுப்பேன். வலிக்காமல் இல்லை. மருமகனே என்று ஒருமுறை கூப்பிட்டால் என்ன குறைந்துவிடும் இவருக்கு என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

கனடாவில் எனக்கு வெல்டிங் வேலை. போன குளிர்காலத்தில் மாமனார் மகளோடு இருக்க வந்திருந்தார். மான் சீசன் முடியப்போகிறது, எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. கடைசி நாளுக்கு முந்தின நாள் மனைவி கேட்டாள்.

"அப்பா வீட்டுக்குள்ளயே அடஞ்சு கெடக்காவ. நாளைக்கு கூட்டிட்டுப் போங்களேன். சுடுகதப் பாக்க இல்ல, மானப் பாக்க."

உடனே சரி என்றேன். எனக்கு ஒரு கணக்கு இருந்தது. காட்டுக்குள் மகளும் கிடையாது, சுவரும் கிடையாது. என்னை ஏதாவது சொல்லிக் கூப்பிட்டுத்தானே ஆகவேண்டும்?

மான் கண்ணைவிட மூக்கைத்தான் நம்பும். அதனால் துணிகளை மணமில்லாத சோப்பில் துவைத்து வெளியே தொங்கவிட்டிருந்தேன். நானும் அதிலேயே குளித்தேன். எண்ணெயோ ஜவ்வாதோ எதுவும் கூடாதென்று மனைவி மூலம் அவருக்கும் சொல்லி அனுப்பினேன். சரியென்று தலையாட்டினார் என்றாள்.

மறுநாள் மைனஸ் முப்பது. மூச்சு மீசையிலேயே உறைந்தது. இமைகள் ஒட்டிக்கொண்டன. பனிவெளியின் ஓரத்தில் சின்னக் கூடாரம் அடித்து, இருவரும் உள்ளே ஆளுக்கொரு ஸ்டூலில் உட்கார்ந்தோம். அவர் காதைச் சொறியக் குல்லாவைக் கழற்றினார். குப்பென்று வந்தது வாசனை. மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய். கொட்டாரத்திலிருந்து கொண்டுவந்த குப்பி. குளிரில் கல்லாக உறைந்து கிடந்ததை ஹீட்டர்மேல் வைத்து உருக்கி, உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை தேய்த்திருக்கிறார்.

"மாமா, எண்ணெ வேண்டாம்னு சொல்லியிருந்தேனே."

அவர் கூடாரத் துணியைப் பார்த்துச் சொன்னார். "எண்ணெ வைக்காம குளிர்ல எறங்கினா நீர்க்கோவை பிடிக்கும்."

சுவர் இல்லாத இடத்திலும் மனிதர் ஒரு சுவரைக் கண்டுபிடித்துவிட்டார். போகிற ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டோமே என்று என்னையே நொந்துகொண்டேன். கால்விரல்கள் இருக்கின்றனவா என்றே தெரியவில்லை. நடுவில் ஒருமுறை அவர் பிளாஸ்க்கைப் பார்த்து, "டீ உண்டும்னா குடிக்கலாம்" என்றார். ஊற்றிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான் பேச்சு.

மதியம் தாண்டியதும் மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு ஆண் மான் வந்தது. நல்ல கொம்பு. நான் கையுறையைக் கழற்றினேன். துப்பாக்கியின் இரும்பு விரலைக் கடித்தது. இன்னும் கொஞ்சம் திரும்பினால் போதும். அந்த நேரம் பார்த்துக் காற்று மாறி, எங்கள் பக்கமிருந்து மானை நோக்கி வீசியது. மான் தலையைத் தூக்கியது. மூக்கு விரிந்தது. முன்னங்காலால் பனியைத் தட்டி, ஒரு சீறு சீறிவிட்டு, வெள்ளை வாலை உயர்த்திக்கொண்டு காட்டுக்குள் ஓடிவிட்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது.

மாமனார் கூடாரத் துணியிடம் சொன்னார். "மானுக்கு என்னமோ சந்தேகம் தட்டிட்டு."

என் அப்பாவாக இருந்தால் அங்கேயே ஏசியிருப்பேன். அவரும் திருப்பி ஏசியிருப்பார். வீடு வருவதற்குள் எல்லாம் தீர்ந்திருக்கும். இவரிடம் கோபப்படக்கூட எனக்கு உரிமை கிடையாது. வீட்டுக்குள் நுழைந்ததும் மகளிடம், "உன் வீட்டுக்காரர் ஒரு வெடிகூட வைக்கல" என்றார். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். காரின் சீட்டில் அந்த எண்ணெய் வாசனை இன்றைக்கும் போகவில்லை.

இப்போது விடுமுறைக்கு ஊருக்கு வந்த இடத்தில், அதே வேட்டையை இவர் வாயால் கேட்க வேண்டியிருக்கிறது.

"கேட்டேரா வேய், இந்தா இந்த பெஞ்சுக்கும் அந்த அடுப்புக்கும் உள்ள தூரம். கொம்பு ரெண்டு முழம். எங்களையே பாத்துக்கிட்டு நிக்கி. எனக்கு மனசு கேக்கல. வாயில்லாச் சீவன், விட்டிரும்னு கையக் காட்டினேன். துப்பாக்கிய அப்படியே கீழ தாத்தியாச்சு."

பச்சைப் பொய். எண்ணெயைப் பற்றி மூச்சு இல்லை. இனிப் பொறுக்கமுடியாது என்று டம்ளரைக் கீழே வைத்தேன். ஹீட்டர், குப்பி, உள்ளங்கால், எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிட வேண்டியதுதான்.

அதற்குள் ஒருவர் சிரித்தார். "சும்மா இரியும் வேய். கடக்கரைக்காரன் கையில கிட்டினத விடுவானா?"

மாமனார் சிரிக்கவில்லை.

"யாருன்னு நெனச்சீரு? எம் மருமவன்லா. நான் ஒரு சொல்லு சொன்னா தட்டமாட்டான்." பிறகு என் பக்கம் திரும்பினார். சுவரையோ அடுப்பையோ பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். "என்ன மருமவனே, அப்படித்தானே?"

கடையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எண்ணெய்க் குப்பி என் நாக்கு நுனியிலேயே இருந்தது.

"ஆமா மாமா" என்றேன். "நீங்க சொன்ன பெறவு எப்படிச் சுடுகது?"

அவர் திருப்தியாகத் திரும்பிக் கதையைத் தொடர்ந்தார். கொம்பு மூன்று முழமாகியிருந்தது. நான் திருத்தவில்லை.