‘நை’ என்று வாசித்தவர்

ஒஸ்லோவின் ஓரத்தில், கடைசி நிலையமான வெஸ்ட்லியில் ரயில் நின்று எல்லோரும் இறங்கிய பின்னரும் பிலேந்திரன் இறங்குவதில்லை. இருக்கைகளில் கிடக்கும் பத்திரிகைகளைப் பொறுக்கி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்ட பிறகே இறங்குவார். வேலை முடிந்து வீடு திரும்பும் பயணிதான் அவர். ஆனால் பகல் முழுவதும் பணிமனையில் ரயில் பெட்டிகளைத் துப்புரவு செய்த கைக்கு அந்த வேறுபாடு தெரிவதில்லை. “குப்பையைக் கண்டும் விட்டிட்டு வந்தால் சாப்பாடு இறங்காது” என்பார். 2006 செப்டெம்பரில் ஒரு வாரம் மட்டும் அவர் பத்திரிகைகளைத் தொடவில்லை. அவர் வாயிலிருந்து வந்த சொல்தான் பெரிய எழுத்தில் இருக்கைதோறும் கிடந்தது.

மன்னாரில் பிறந்தவர். ஹம்மர்பெஸ்டில் நெடுங்காலம் மீன் வெட்டியதால் அவருடைய நோர்வேஜிய மொழி வடகோடி மீனவரின் மொழி. ஒஸ்லோக் கடைகளில் அவர் வாயைத் திறந்தால் முகத்தையும் குரலையும் பொருத்திப் பார்க்க இரண்டு பேராவது திரும்புவார்கள். அதில் அவருக்கு ஓர் இரகசியப் பெருமை உண்டு. வேலை உடுப்புக்குள்ளும் மடிப்புக் கலையாத சட்டைதான் அணிவார். மனைவி காலமாகிவிட்டார். மகள் யூலியா துரொம்சோவில் படிக்கிறாள்; ஞாயிறுதோறும் தொலைபேசியில் அழைப்பாள்.

மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஜூரியாக அழைப்பு வந்தபோது புதிய மேலங்கி ஒன்று வாங்கினார். “அரசாங்கம் என்னை மதிச்சுக் கூப்பிட்டிருக்கு” என்று பார்ப்பவரிடமெல்லாம் சொன்னார். பத்துப் பேர் கொண்ட ஜூரிக்கு ஒரு தலைவர் வேண்டும். மற்றவர்கள் தத்தம் கோப்பிக் கோப்பைகளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, பிலேந்திரன் உடனே ஒப்புக்கொண்டார். எந்தச் சங்கமானாலும் தலைவர் நாற்காலிக்குப் போட்டியிடும் சனத்தில் பிறந்தவர். மாலையும் மரியாதையும் சேர்ந்த பதவி என்று எண்ணிவிட்டார். ஜூரியின் விடையை எழுந்து நின்று உரத்து வாசிப்பதே அந்தப் பதவியின் வேலை என்பது பிறகுதான் தெரிந்தது.

வழக்கு, ஒஸ்லோவுக்கு அருகே திறாமன் நகரில் சிறுகடை ஒன்றில் வேலை செய்த மரியரஞ்சனி என்ற இளம்பெண்ணின் கொலை. குற்றம் சாட்டப்பட்டவர் கடை முதலாளி, நோர்வேக்காரர். கீழ் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றிருந்தது. பிலேந்திரன் அப்பெண்ணை அறியார். அவ்வாறே சொன்னார், ஏற்றுக்கொள்ளப்பட்டார். தமிழர்களோ, “எங்கடை ஆள் உள்ளுக்கு இருக்கிறார், இனிப் பயமில்லை” என்று நெஞ்சில் கைவைத்து உறங்கினார்கள். ஜூரி காரணம் சொல்வதில்லை. யார் எப்பக்கம் நின்றார் என்றும் சொல்வதில்லை. கேள்வி ஒன்று: அவர் குற்றவாளியா? விடை ‘யா’, ஆம்; அல்லது ‘நை’, இல்லை. ஆம் என்பதற்குப் பத்தில் ஏழு பேர் வேண்டும். பிலேந்திரன் எழுந்து ‘நை’ என்று வாசித்தார். மன்றின் பின்வரிசையில் அப்பெண்ணின் தாய் சரிந்து விழுந்த ஓசை அவருக்குக் கேட்டது.

அந்த வாரமே நகரில் தீப்பந்த ஊர்வலம் புறப்பட்டது. தமிழரும் நோர்வேக்காரரும் கலந்து, ஒரு கோஷமும் இல்லாமல், நாடாளுமன்றம்வரை நடந்தார்கள். பிலேந்திரன் ஒரு கடைக் கூரையின் கீழ் ஒதுங்கி நின்றார். மரியரஞ்சனியின் படம் கடந்தபோது தொப்பியைக் கழற்றினார். ஊர்வலத்தில் வந்த அனஸ்ரேசியா அவரைக் கண்டுவிட்டார். மனைவி நோயாய்க் கிடந்த நாள்களில் தினமும் கஞ்சி கொண்டுவந்து தந்த அயல்வீட்டுப் பெண் அவர். பந்தத்தை மறுகைக்கு மாற்றிக்கொண்டு முகத்தைத் திருப்பி நடந்தார்.

தமிழ்க் கடையில் பேச்சு இன்னும் கூர்மையாக இருந்தது.

“வாறார் நீதவான் ஐயா. இடம் விடுங்கோ.”

“அண்ணை, பை ஒண்டு தரட்டோ?” என்று கடைக்காரர் கேட்டார்.

“வேண்டாம்” என்றார் பிலேந்திரன்.

“பாத்தியளே, அவருக்கு ‘நை’ தான் சுகமா வருது” என்றது பின்னால் ஒரு குரல்.

சிரிப்பு அடங்கும்வரை நின்று, வெங்காயத்தை மேலங்கிப் பைகளில் நிரப்பிக்கொண்டு வெளியேறினார்.

ஒக்டோபர் செபமாலை மாதம். மாதா சொரூபம் ஒவ்வொரு மாலையும் ஒரு கத்தோலிக்கத் தமிழ் வீட்டுக்குச் செல்லும்; சனமும் கூடவே வரும். எந்த வீடானாலும் செபத்தை நடத்துபவர் பிலேந்திரன். இம்முறை அவர் வீட்டு முறைக்கு முதல்நாள், ஒழுங்குகளைக் கவனிக்கும் லோறன்ஸ் அழைத்தார்.

“அண்ணை, சனம் உங்கடை வீட்டை வரமாட்டம் எண்டு நிக்குது. அனஸ்ரேசியா அக்கா படி மிதிக்கமாட்டாவாம்.”

“ஓம் தம்பி.”

“எனக்கு மட்டும் சொல்லுங்கோ. நீங்கள் ‘யா’ எண்டுதானே போட்டனீங்கள்? மற்றவை மாறி நிண்டால் நீங்கள் என்ன செய்யிறது! ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, முழுச் சனத்தையும் நான் கூட்டிக்கொண்டு வாறன்.”

“உள்ளுக்கை நடந்ததைக் கதைக்கேலாது. வாக்குக் குடுத்தனான்.”

“நோர்வேக்காரனுக்குக் குடுத்த வாக்குத்தானே அண்ணை!”

“ஆருக்குக் குடுத்தாலும் வாய் என்ரை வாய்தானே, தம்பி.”

மறுமுனையில் பெருமூச்சு. “அப்ப மாதா சூசைரட்ணம் அண்ணை வீட்டையே இன்னும் ஒரு நாள் இருக்கட்டும். குறை நினையாதேங்கோ. செபமும் அவரே சொல்லுவார்.”

எப்பக்கம் நின்றார் என்பதை அவர் யூலியாவிடமும் சொல்லவில்லை. “அப்பா, வீட்டுக்கு ஆரும் வாறவையே?” என்று அவள் கேட்டால், “இஞ்சை இப்ப நல்ல குளிர்” என்பார்.

மறுநாள் மாலை, கடலை அவித்தார். கீழ்மாடியிலிருந்து கேட்டு வாங்கி வைத்திருந்த நாற்காலிகளைச் சுவரோரம் வரிசையாகப் போட்டார். வெள்ளை விரித்த மேசையில் சொரூபம் இருக்கவேண்டிய இடத்தை விட்டு ஒரு பக்கமாக மெழுகுதிரியை ஏற்றினார். கீழே முற்றத்தைக் கடந்து சூசைரட்ணம் வீட்டுக்குச் செல்பவர்களின் தமிழ்ப் பேச்சு யன்னல்வரை வந்து தேய்ந்தது.

செபமாலையோடு முழந்தாளிட்டு, “மரியரஞ்சனியின்ரை ஆத்துமாவுக்காக” என்றார். மாலையின் ஒவ்வொரு மணிக்கும் மன்றாட்டின் முற்பாதியைச் செபம் நடத்துபவர் சொல்ல, பிற்பாதியைக் கூடியிருப்பவர்கள் சொல்வார்கள். பிலேந்திரன் முற்பாதியைச் சொல்லி நிறுத்தினார். பிற்பாதியைத் தாம் சொல்லவில்லை. ஒரு வீடு நிறைந்த சனம் அதைச் சொல்லி முடிக்கும் நேரம்வரை நாற்காலிகளின் பக்கம் முகம் வைத்துக் காத்திருந்துவிட்டு, அடுத்த மணிக்கு விரலை நகர்த்தினார்.