நாலாவது காம்பு

எங்கள் மாட்டின் தலைச்சன் கன்றைப் பட்டினி போட்டுக் கொன்றது நீங்கள்தான், சபைத் தலைவரே. இரண்டாவது கன்றையும் அதே வழியில் அனுப்பப் பார்த்தீர்கள். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. நான் பால்காரன் பெண்டாட்டி.

இந்த வருஷம் மறுபடியும் ஜீவகாருண்ய விழா என்று கரையான்சாவடி முழுக்க நோட்டீஸ் ஒட்டியிருக்கிறீர்கள். எல்லா உயிர்களிடத்தும் அன்பு காட்ட அனைவரும் வரவேண்டுமாம். கடைசியில் பாயசம் உண்டாம். அந்தப் பாயசத்தைப் பார்த்ததும்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் கல்யாணமாகிப் பாரிவாக்கத்துக்கு வந்த மறுநாள் காலையில் மாட்டுக் கொட்டகையைப் பெருக்கப் போனேன். மூலையில் ஒரு கன்றுக்குட்டி நின்றுகொண்டிருந்தது. அசையவில்லை. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சோழி. தொட்டுப் பார்த்தேன். சரசரவென்று சத்தம். துடைப்பத்தைப் போட்டுவிட்டு வெளியே ஓடி வந்தேன்.

"இன்னாய்யா அது? பேயா?"

என் வீட்டுக்காரர் பல் விளக்கிக்கொண்டிருந்தார். துப்பிவிட்டுச் சொன்னார்: "பேயும் இல்ல பிசாசும் இல்ல. போன வருசம் செத்த கன்னு. தோல உரிச்சு வக்கல் அடைச்சி வச்சிகீறேன். அத்த முன்னால நிறுத்துனாத்தான் மாடு பால் சொரக்கும்."

"அது எப்படி செத்துச்சி?"

"காளக்கன்னுமே. அதுங்க அப்பிடித்தான்."

காளைக் கன்றுகள் அப்படித்தான் என்றால் ஊரில் வண்டி இழுப்பதெல்லாம் என்ன, ஆடா? கேட்டேன். அவர் மறுபடியும் பல் விளக்க ஆரம்பித்துவிட்டார். ஏற்கெனவே விளக்கிய பல்.

கன்று எப்படிச் செத்தது என்பது உங்கள் வீட்டு வாசலில்தான் எனக்கு விளங்கியது, தலைவரே. பால்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதலில் கன்றை மடியில் ஊட்ட விடுவோம். மாடு சுரந்ததும் கன்றை இழுத்துக் கட்டிவிட்டுக் கறப்போம். மூன்று காம்பு மனுஷனுக்கு, நாலாவது கன்றுக்கு. எவ்வளவு பேராசை பிடித்த பால்காரனும் அந்த நாலாவதை முழுக்க ஒட்டக் கறக்க மாட்டான். எங்கள் மாட்டை மட்டும் நாலையும் ஒட்டக் கறக்கச் சொன்னவர் நீங்கள். எங்கள் கொட்டகை நிற்கிற மண் உங்களுடையது. அதனால் என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். உங்களைப் பார்த்தால் அவருக்குத் தலை தானாக ஆடும்.

நான் வந்த வருஷம் மாடு மறுபடியும் ஈன்றது. மறுபடியும் காளை. நெற்றியில் வெள்ளை. பிறந்ததும் எழுந்து நிற்கப் பார்த்து, என் காலில் விழுந்து, மறுபடியும் நின்றது. இதைச் சாகவிட மாட்டேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் அதற்கும் தலையை ஆட்டினார். அந்த ஆட்டத்தை நான் நம்பவில்லை.

தினமும் காலையில் உங்கள் வீட்டுக்குப் போகிற ஊர்வலத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தண்ணீர் கலந்துவிடுவோம் என்று மாட்டையே உங்கள் வாசலுக்கு ஓட்டி வரச் சொல்லியிருந்தீர்கள். முன்னால் மாடு. அதன் பின்னால், தோளில் வைக்கோல் கன்றைச் சுமந்துகொண்டு என் வீட்டுக்காரர். அதற்குப் பின்னால் செம்போடு நான். என் கையில் இருந்த கயிற்றின் மறுமுனையில், நடக்கத் தெம்பில்லாத உயிருள்ள கன்று. செத்தது தோளில் சவாரி போகிறது, உயிரோடு இருப்பது நடக்கிறது. வழியில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

"இன்னா அண்ணாத்தே, மாத்தித் தூக்கினு வந்துட்டியா?" என்று பூந்தமல்லியில் ஆட்டுக்கறிக் கடை வைத்திருந்த பாய் கேட்டார்.

மாடு சுரக்க வைக்கோல் கன்றே போதும், அது குடிக்கவும் செய்யாது; உயிருள்ள கன்றைக் கொட்டகையில் விட்டுவிட்டு வரலாம்தான். நீங்கள்தான் விடவில்லை. "வீட்டிலே விட்டால் உன் பெண்டாட்டி இரக்கப்பட்டு ஊட்டி விட்டுவிடுவாள். என் கண் முன்னாலேயே இருக்கட்டும்" என்றீர்கள். என் இரக்கத்தைக் கண்டுபிடித்த முதல் ஆள் நீங்கள்தான்.

நாங்கள் வரும்போது நீங்கள் வாசலில் எறும்புப் புற்றுக்கு ரவை போட்டுக்கொண்டிருப்பீர்கள். ஒவ்வொரு எறும்புக்கும் கிடைத்ததா என்று குனிந்து பார்ப்பீர்கள். அப்புறம் நிமிர்ந்து, "செம்பைக் கவிழ்த்துக் காட்டு" என்பீர்கள். காட்டுவேன். அடுத்து கன்றின் வாயைப் பிதுக்கி முகர்ந்து பார்ப்பீர்கள், பால் வாடை வருகிறதா என்று. ஒருநாள் வந்துவிட்டது.

"யார் ஊட்டினது?"

"நான்தான் ஊட்டுனேன். கன்னு பால் குடிக்காம வெத்தலயா போடும்?"

"நாலு காம்புக்கும் நான் வாடிக்கை. புரிகிறதா? இவள் என்னப்பா இப்படிப் பேசுகிறாள்?"

என் வீட்டுக்காரர் உங்களைப் பார்த்து ஒரு பக்கமும் என்னைப் பார்த்து மறு பக்கமும் தலையை ஆட்டினார். அதற்கப்புறம் கொட்டகையிலேயே கன்றின் மூக்கில் முள் கட்டச் சொன்னீர்கள். ஊட்டப் போனால் முள் குத்தி மாடே உதைத்துத் தள்ளும். பெற்ற தாயிடமே உதை வாங்க வைக்கிற யோசனை எறும்புக்கு ரவை போடுகிற கைக்கு வந்ததுதான் எனக்கு ஆச்சரியம்.

நான் கஞ்சி ஊற்றினேன். கழிந்தது. நாளுக்கு நாள் விலா எலும்பு வெளியே வந்தது. வைக்கோல் கன்றோ நாளுக்கு நாள் கொழுத்தது, ஏனென்றால் தளர்ந்தால் என் வீட்டுக்காரர் வைக்கோல் சேர்த்து அடைப்பார்.

அந்தச் சமயத்தில்தான் உங்கள் விழா வந்தது. அதற்கு முன்னால் ஒரு மாசமாக, சாயங்காலமானால் உங்கள் சபையார் ஆர்மோனியத்தோடு போய்ப் பாய் கடைக்கு எதிரே நின்று கொல்லாமைப் பாட்டுப் பாடினார்கள். பாய் கோபப்படவில்லை. "சுதி சேரல நைனா, கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டுப் பாடு" என்று சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கடைக்குப் பின்னால் அவர் கட்டி வைத்திருந்த ஆடுகளை நான் பார்த்திருக்கிறேன். அகத்திக்கீரை மென்றுகொண்டு கொழுகொழுவென்று நிற்கும். அறுபடப் போகிறவைதான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பசியோடு ஒன்றும் நின்றதில்லை.

மேடையில் பசுவையும் கன்றையும் நிறுத்திப் பூஜை செய்ய வேண்டும் என்று நீங்களே கொட்டகைக்கு வந்தீர்கள். உயிருள்ள கன்றைப் பார்த்தீர்கள். முகம் சுளித்தீர்கள்.

"இது வேண்டாம். பார்க்க விகாரமாக இருக்கிறது, ஜனங்கள் தப்பாக நினைப்பார்கள்." மூலையைக் காட்டினீர்கள். "அது லட்சணமாக இருக்கிறதே, அதைக் கொண்டு வா. தூரத்திலிருந்து பார்த்தால் யாருக்குத் தெரியப் போகிறது?"

என் வீட்டுக்காரர் விழாவுக்காகப் பழைய வைக்கோலை எல்லாம் உருவிப் போட்டுவிட்டு, அப்போதுதான் அடித்த புது வைக்கோலை அடைத்தார். கொட்டகையே கமகமவென்று மணத்தது. வயிற்றுத் தையலை என்னைப் போடச் சொன்னார். போட்டேன். கடைசியில் நூலுக்கு முடிச்சுப் போடவில்லை. மறந்து விடவில்லை, வேண்டுமென்றேதான் விட்டேன். எங்கே கேட்டாலும் இதையே சொல்வேன்.

விழா அன்றைக்குப் பாயசத்துக்காக விடியற்காலையிலேயே மாட்டை ஒட்டக் கறந்துவிட்டார்கள். மேய விட நேரமில்லை. கொம்புக்கு மஞ்சள் பூசி, வயிற்றுக்கு ஒன்றுமில்லாமல் மேடைக்கு ஏற்றினார்கள். பக்கத்தில் வைக்கோல் கன்று. கழுத்தில் சாமந்தி மாலை, நெற்றியில் குங்குமம். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு பெரியவர் மேடை ஓரமாக வந்து அதன் வாயருகே வாழைப்பழம் நீட்டினார். அது தின்னவில்லை. "கூச்சப்படுது" என்று பழத்தைத் தானே உரித்துத் தின்றுகொண்டே போனார்.

நான் கூட்டத்தின் கடைசியில் உயிருள்ள கன்றோடு நின்றேன். முள்ளைக் கழற்றிவிட்டிருந்தேன். பக்கத்தில் பாய். தன்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று கேட்க வந்திருந்தார்.

நீங்கள் பேச ஆரம்பித்தீர்கள். உங்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு பேசுகிற பழக்கம். முதலில் பாயைத் திட்டினீர்கள். அப்புறம் தாய்ப்பாசத்துக்கு வந்தீர்கள். மாடு வைக்கோல் கன்றை நக்கியது. முதலில் மாலையைத் தின்றது. பிறகு மூக்கை வயிற்றுப் பக்கம் கொண்டுபோய் மோந்தது. நாக்கை நீட்டி ஒரு இழுப்பு இழுத்தது. நான் போட்ட தையல் கழுத்திலிருந்து வால் வரைக்கும் அழகாகப் பிரிந்தது.

"ஐந்தறிவுள்ள இந்தத் தாயைப் பாருங்கள்!" என்று கையை நீட்டினீர்கள், கண்ணைத் திறக்காமலே. "தன் குழந்தையிடத்தில் இது காட்டுகிற அன்பைப் பாருங்கள்!"

எல்லோரும் பார்த்தார்கள். அந்தத் தாய் தன் குழந்தையின் குடலை வாய் நிறைய மென்றுகொண்டிருந்தது.

ஒரு சின்னப் பெண் அழுதாள். அதற்கப்புறம் யாரோ சிரித்தார்கள், அது பரவியது. நீங்கள் கண்ணைத் திறந்தீர்கள்.

"அமைதி! கன்றுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லை" என்றீர்கள். சத்தியமாக அப்படித்தான் சொன்னீர்கள்.

என் பக்கத்திலிருந்து பாய் குரல் கொடுத்தார்: "ஒடம்பு சரியில்லன்னா வவுத்துலர்ந்து வக்கலா வரும் நைனா? எந்த வைத்தியர்கிட்ட காட்டுன?"

கூட்டம் ஓவென்றது. சபையார் இருவர் மாட்டைப் பிடித்து இழுத்தார்கள். மாலையை விட்டால் அன்று அது கண்ட முதல் தீனி அதுதான், நகருமா? வால் பிய்ந்து ஒருவர் கையோடு வந்துவிட்டது. அதைப் போடுவதா வைத்துக்கொள்வதா என்று தெரியாமல் அவர் ஆர்மோனியத்தின் மேல் வைத்தார்.

அப்போதுதான் கயிற்றை விட்டேன். நடக்கத் தெம்பில்லை என்று சொன்னேனே, அந்தக் கன்று ஜனங்களின் காலுக்கு நடுவே புகுந்து, மேடைச் சரிவில் தடுக்கி எழுந்து, நேரே தாயின் மடிக்குப் போனது. முட்டியது. நாலாவது காம்பைப் பிடித்துக்கொண்டது. மாடு வைக்கோலைக் கீழே போட்டுவிட்டு அதை நக்க ஆரம்பித்தது. அந்த நக்கல் வேறு மாதிரி. கூட்டத்துக்கே தெரிந்தது. சத்தம் அடங்கிப் போனது.

அந்த அமைதியில்தான் நீங்கள் கத்தினீர்கள். மேடை, சபை, விழா எல்லாவற்றையும் மறந்து, தினமும் காலையில் வாசலில் கத்துகிற அதே குரலில்:

"ஏய்! கன்றைப் பிடி! சாயங்காலப் பால் போய்விடும்!"

உங்கள் சபையின் ஆர்மோனியக்காரரே தலையைக் குனிந்துகொண்டார்.

நான் மேடைக்குக் கீழே வந்து நின்று கேட்டேன். "ஐயா, மூணு காம்பு உங்களுக்கு. நாலாவது யாருக்கு? கூட்டத்துல சொல்லிடுங்க."

பாயும் கேட்டார். "நான் வெட்டுறவன்தான் நைனா, ஒத்துக்கிறேன். வெட்டுற வரைக்கும் தீனி போடுறேன். நீ இன்னா போட்ட?"

நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டீர்கள். "இந்தக் கேள்விகளுக்கு உரிய நேரத்தில், இதே மேடையில் பதில் சொல்லப்படும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனீர்கள்.

மறுநாள் கொட்டகையைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தான். காலி செய்தோம். பாய் தன் கடைக்குப் பின்னால் இருந்த இடத்தைக் கொடுத்தார். "ஆடு பக்கத்துல மாட்டக் கட்டு தங்கச்சி. மாட்டப் பாத்து ஆடுங்க பயப்படாம நிக்கும்" என்றார். ஜீவகாருண்ய சபைத் தலைவர் மண்ணில் எலும்பும் தோலுமாக நின்ற கன்று, கசாப்புக் கடை மண்ணில் தேறியது. ஆவடிப் பக்கம் பட்டாளம் வந்து இறங்கியிருந்த காலம், பாலுக்கு ஏகக் கிராக்கி. அப்படியும் நாலாவது காம்பில் என் வீட்டுக்காரர் கை வைக்கவில்லை. வைத்தால் நான் இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். மிச்சமிருந்த கன்றுத் தோலை அங்கேயே புதைத்தேன். பட்டினியில் செத்த தலைச்சன் கன்றின் தோல் என்று தெரிந்தே புதைத்தேன்.

அந்த வெள்ளை நெற்றிக் கன்று இப்போது காளை. எங்கள் வண்டியை இழுக்கிறது. சுமையை அளவாகத்தான் ஏற்றுகிறோம். உங்கள் வீட்டு வழியாகப் போகும்போதெல்லாம் வாசலில் நின்றுவிடும். சாணி போட்டுவிட்டுத்தான் நகரும். நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை.

அன்றைக்குப் பிறகு விழாவே போடாமல் இருந்துவிட்டு, ஜனங்கள் மறந்திருப்பார்கள் என்று இந்த வருஷம் நோட்டீஸ் அடித்திருக்கிறீர்கள். நான் மறக்கவில்லை. விழாவுக்கு வருவேன். பாய் வருவார். காளையையும் ஓட்டி வருவோம். தையலுக்கு நான் முடிச்சுப் போடாமல் விட்டதைச் சபை நடுவில் நான் ஒப்புக்கொள்கிறேன். நீங்களும் கண்ணைத் திறந்துகொண்டு மேடையில் நில்லுங்கள். இந்த வருஷப் பாயசத்துக்குப் பால் எந்த மாட்டுடையது, அதன் கன்று எங்கே கட்டியிருக்கிறது, நாலாவது காம்பு யாருக்கு? எல்லோருக்கும் கேட்கும்படி பதில் சொல்லுங்கள். சொன்ன பிறகு பாயசம் ஊற்றுங்கள்.